திரும்பிய தேதி

அல்சூர் சந்தையில் பீன்ஸ் வாங்கிய பையிலேயே
அந்தப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு போனேன்.
தனிக் கவரில் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.
தாமதத்துக்கு நாளொன்றுக்கு ஐந்து பைசா.
லீப் வருஷங்களையும் விடாமல்
காலண்டர் தாளின் பின்புறம் போட்ட கணக்கு.

கட்டடம் அங்கேயேதான் இருக்கிறது.
செங்கல் காண்ட்ராக்டர் ஒருவர்
மிச்சம் விழுந்த செங்கலில் கட்டிக்கொடுத்தது.
அதனால் வடக்குச் சுவர் ஒரு நிறம், தெற்குச் சுவர் வேறு.
இப்போது இரண்டுக்கும் ஒரே பழுப்பு அடித்துவிட்டார்கள்.
வாசலில் டிக்கெட் இருபது. சீனியர் சிட்டிசனுக்குப் பத்து.
வட்டார வரலாற்றுக் காட்சியகம்.

பீரோக்கள் இல்லை.
அவை நின்ற இடங்கள் மட்டும் தரையில் வெளுத்த கட்டங்களாக.
ஒரு கட்டத்தின் மேல் ஜட்கா விளக்கு,
ஒன்றின் மேல் பிளேக் காலத்துத் தடுப்பூசிச் சீட்டு,
ரேடியோ, தையல், சமையல் வரிசை இருந்த மூலையில்
பட்டாளத்துப் பித்தளைக் குழாய் ஒன்று,
துடைத்துத் துடைத்து வாய் தேய்ந்து.

சுவரில் பலகை, இரண்டு மொழியில்:
வாசகர் குறைந்ததால் 1991இல் மூடப்பட்டது.
மூன்றாவது மொழிக்கும் கீழே இடமிருந்தது.
அதில் ஒரு பூவேலை.

கண்ணாடிப் பெட்டிக்குள் லாசரஸ் சாரின் பதிவேடு.
கையெழுத்து அழகாயிருக்கிறது என்று
அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள் போல.
10-12-91. செவ்வாய்.
எண் 88, தெய்வசிகாமணி, தையல்.
305, காதர் மொகிதீன், குடியிருப்புச் சட்டம்.
203, ஆரோக்கியமேரி, நாவல், இரண்டாம் பாகம் மட்டும்.
412, செங்கமலம், வானொலி பழுது பார்ப்பது.

412 நான்.

வியாழன் ராத்திரி பெயர்ப்பலகையில் தார் பூசினார்கள்.
எங்கள் தெருவில் யாரும் விளக்குப் போடவில்லை.
மெழுகுவத்தியில் மின்தடை அட்டவணை படித்தேன்:
கறுப்பு பூஜ்யம், பழுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு.
தெரு அமைதியானபோது நூலகத்தில் பூட்டு.
லாசரஸ் சார் ஓசூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.
புத்தகம் என்னோடு ஜாலஹள்ளிக்கு வந்தது,
இருபத்தாறு வருஷம் ஃபாக்டரியில் ஈயம் வைத்தேன்.
அத்தனை வருஷமும்
ஊரிலேயே நான் ஒருத்திதான் திருடி என்று நினைத்திருந்தேன்.

குனிந்து மறுபடி எண்ணினேன்.
முப்பத்தொரு பேர். ஒரே நாளில்.
கடைசிப் பத்தி, 'திரும்பிய தேதி',
மேலிருந்து கீழ்வரை வெறும் வெள்ளை.
எதிர்ச் சுவரில், வாசகர் குறைந்ததால்.

மேசையிலிருந்த பெண்ணின் பெயர் அனகா, நல்ல பெண்.
புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கினாள்.
"டொனேஷன் ஃபார்ம் இருக்கு, மேடம்."
தானம் இல்லையம்மா, கடன், என்றேன்.
அந்த வரிக்கு நேரே இன்றைய தேதியை
நீயே எழுதிவிடு, போதும்.
அவள் முகம் சங்கடப்பட்டது.
"காட்சிப்பொருள், மேடம். அதில எழுதக் கூடாது."

அப்படியா.
அப்படியானால் முப்பத்தொரு பேரும்
இனி என்றைக்கும் திருப்பாதவர்கள்.
நூலகமும் இன்னும் வெளியேதான் இருக்கிறது,
எவர் வீட்டுப் பரணிலோ, எந்தத் தையல் மிஷினுக்கு முட்டாகவோ.

புத்தகத்தைத் திரும்ப வாங்கி பீன்ஸுக்கு அடியில் வைத்தேன்.
கவரை அவள் தொடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

வாசலில் பார்வையாளர் குறிப்பேடு.
பெயர், ஊர், கருத்து.
கருத்து என்ற இடத்தில் எழுதினேன்:
எண் 412. புத்தகம் கைவசம் உள்ளது.
தவணையை நீட்டிக்கவும்.

காவலாளி திப்பேசாமிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.
என்னம்மா எழுதினீங்க என்றார். சொன்னேன்.
குறிப்பேட்டைத் தன் பக்கம் திருப்பி,
தெரியாத எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"எத்தனை நாளைக்கு?"

பதினாலு, என்றேன்.
விதி அதுதான்.